அத்தானுக்கு அடித்த மணி

முந்நூறு பேர் கூடியிருந்த கல்யாண மண்டபத்தில், பெண்ணைப் பெற்றவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது நான் மணி அடித்தேன். இதை எப்படிச் சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசியில் இந்த வாக்கியத்தில்தான் கொண்டுபோய் நிறுத்துகிறது; ஆகவே முதலிலேயே எழுதித் தொலைத்துவிடுகிறேன். பேசியவர் என் அக்காவின் கணவர். மணி என்னுடையது. பழைய ஹோட்டல்களின் வரவேற்பு மேசையில், தலையில் ஒரு குமிழோடு இருக்குமே, தட்டினால் 'டிங்' என்று, அந்த வகை. ஃபேரர் பார்க்கில் ஒரு சாமான் கடையில் வாங்கியது. இன்றும் என் பிடோக் வீட்டில், எழுதும் மேசைமேல் இருக்கிறது. துடைப்பதில்லை. தூக்கி எறியவும் இல்லை.

மணி எதற்கு என்று சொல்ல வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியதும் சிலர் ஓடத் தொடங்குகிறார்கள், சிலர் ஆர்க்கிட் வளர்க்கிறார்கள். நான் சமூக மன்றத்தில் நடக்கும் பேச்சாளர் வட்டம் ஒன்றில் சேர்ந்தேன். அங்கே ஒரு பதவி உண்டு. ஒருவர் பேசும்போது 'ம்', 'வந்து', 'அதாவது', 'என்ன சொல்றது' என்று எத்தனை முறை இட்டு நிரப்புகிறார் என எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி அடிக்க வேண்டும். யாரும் விரும்பி ஏற்காத அந்தப் பதவியை நான் மூன்று ஆண்டுகள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. காப்பீட்டு அலுவலகத்தில் என் சொல்லுக்கு ஒரு நாற்காலிகூட நகராது. இங்கே வழக்கறிஞர்களும் வங்கி மேலாளர்களும் என் விரலைப் பார்த்து வியர்த்தார்கள். போகப்போக, கோப்பிக் கடையில் பாலில்லாத் தேநீருக்குத் 'தே ஓ' கேட்பவர், ஈமக்கிரியையில் அழுகிறவர் என எல்லாருடைய 'வந்து'களும் என் தலைக்குள் தானாக எண்ணிக்கையில் ஏறின.

அத்தான் ஈசூனில் இருந்தார். அடுக்குமாடிகளின் மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் வேலை. அவர் பேச்சில் 'வந்து' இல்லாமல் ஒரு வாக்கியம் கிளம்பாது. ஒருமுறை அவரோடு மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது, அவர் குடியிருந்த அடுக்குமாடிப் புளோக்கிலேயே மின்தூக்கி நின்றுவிட்டது. உள்ளே ஒரு சீனப் பாட்டி. அத்தான் தன் நிறுவனத்துக்கு ஃபோன் போட்டுவிட்டு, காய்கறிப் பையைக் கீழே வைத்து, கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "ஆன்ட்டி, ஓகே லா, வந்து... மை ஃப்ரெண்ட் கமிங், வந்து... டூ மினிட் ஒன்லி, வந்து... யூ ஈட் ஆல்ரெடி ஆ?" தமிழே தெரியாத பாட்டிக்கு எதற்கு 'வந்து' என்று நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணினேன். முப்பத்தேழு. அவர் இரும ஒரு கணம் நிறுத்தினால் போதும், உள்ளிருந்து கதவைப் படபடவென்று அடிக்கும் சத்தம் வந்தது. 'வந்து' என்றதும் அடங்கியது. இதையும் நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் எண்ணிக்கை தவறிவிடக் கூடாதே என்பதில்தான் என் கவனம் முழுவதும் இருந்தது.

அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் மேடைகளுக்குப் பழகியவர்கள். நிச்சயதார்த்தத்தன்று அத்தான் நன்றி சொல்ல எழுந்து, ஐந்தாறு 'வந்து' போட்டதும், மாப்பிள்ளைப் பக்கத்து இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் மருமகள், அதாவது அந்தக் கல்யாணப் பெண், தலையைக் குனிந்து கைபேசியைத் தடவினாள். அதை அவர் பார்த்துவிட்டார். மறுநாளே என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் என்னிடம் எதுவும் கேட்டு வந்தவர் இல்லை.

"மச்சான், வந்து... நீ பெரிய பெரிய ஆளுக்கெல்லாம் சொல்லித் தர்றியாம்ல. கல்யாணத்துல அஞ்சே நிமிஷம். எம் புள்ள அன்னைக்கு தல குனியக் கூடாது லா. அது போதும் எனக்கு."

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். வேலை உடுப்போடு வந்து என் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்கு முன்னால் நிற்பார். நான் சோபாவில் மணியோடு. 'வந்து' என்றால் டிங். "நிறுத்துங்க அத்தான். மூச்சு விடுங்க. மௌனம்தான் கம்பீரம்" என்பேன். எங்கேயோ படித்தது. முதல் வாரம் நாற்பத்தொன்று. "என்னடா, கோயில் பூஜையா நடக்குது?" என்று அக்கா ஃபோனில் கேட்டாள், அவ்வளவு மணி. ஆறாம் வாரம் ஒன்றுகூட இல்லை. தெரிந்த தெருவில் கண்ணைக் கட்டிவிட்டதுபோல ஒவ்வொரு சொல்லாகக் காலால் துழாவித் துழாவிப் பேசினார். மகள் சிறுவயதில் மின்தூக்கிப் பொத்தான்களை எல்லாம் அமுக்கிவிட்டு ஓடும் கதையை முதல் வாரம் சிரித்துச் சிரித்துச் சொன்னவர், ஆறாம் வாரம் அதை விட்டேவிட்டார். "அத சொன்னா 'வந்து' வந்துடுது மச்சான்." நான் கைதட்டினேன்.

கல்யாணத்தன்று மணியை எடுத்துப் போயிருந்தேன். பேசி முடித்ததும் மேடையேறி, தேர்ச்சி பெற்றவருக்குப் பரிசு என்று அதை அவர் கையில் கொடுத்து நாலு வார்த்தை பேசுவதாகத் திட்டம். அந்த நாலு வார்த்தையும் தயாராக இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்து மணியை மடியில் வைத்திருந்தேன். அத்தான் ஒலிவாங்கியைப் பிடித்தார். வணக்கம் சொன்னார். சம்பந்தியின் பெயரைத் தடுமாறாமல் சொன்னார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார். எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"எம் பொண்ணு சின்னப் புள்ளயா இருக்கறப்ப, வந்து... லிஃப்டுக்குள்ள..."

டிங்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் அடிக்கவில்லை, விரல் அடித்தது. மூன்று ஆண்டுப் பழக்கம். ஆனால் அந்த விரல் வேறு யாருடைய கையிலும் இல்லை. மண்டபத்தில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் செத்தது. அத்தான் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருந்திருக்காது. தப்புச் செய்து பிடிபட்டவர்போலப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தினார், மூச்சு விட்டார். கம்பீரமான மௌனம் முந்நூறு பேர்மீதும் கவிந்தது. "எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்க" என்று இறங்கிவிட்டார். அவர் மகள் தலை குனியவில்லை. நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு ஒருநாளும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னோடு அதிகமாக எதையுமே பேசவில்லை. தீபாவளிக்குப் போனால் "வா மச்சான்", கிளம்பினால் "சரி". நான் பக்கத்தில் உட்கார்ந்தால், சொல்ல வந்ததைப் பாதியில் விழுங்கிக்கொண்டு, அக்காவைச் சொல்லச் சொல்வார். ஒரு வாக்கியத்தைத் தொடங்குமுன் அவர் கண் என் கையைத் தேடும். இரண்டு ஆண்டுகளில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். மன்னிப்புக் கேட்க நான் ஒரு நல்ல தொடக்க வாக்கியத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

மண்டாய் தகனச் சாலையில் குடும்பத்தின் சார்பில் பேச வேறு யார் இருக்கிறார்கள்? நான்தான் பேசினேன். ஐந்து நிமிடம். சீனப் பாட்டியின் கதையைச் சொன்னேன். அந்த முப்பத்தேழை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு 'ம்' இல்லை, ஓர் இழுப்பு இல்லை. என்னை அறியாமல் நானே எண்ணிக்கொண்டிருந்தேன்: பூஜ்யம்.

காரியம் முடிந்த மறுநாள், அக்கா கொடுத்தனுப்பிய பலகாரத்தோடு மருமகள் என் வீட்டுக்கு வந்தாள். டப்பாவை மேசையில் வைக்கப் போனவள், மணியைப் பார்த்தாள். குமிழின்மேல் விரலை வைத்தாள். அமுக்கவில்லை. அன்று நான் பேசியதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். இந்த வயதிலும், அந்த நேரத்திலும், நான் எதிர்பார்த்தது பாராட்டைத்தான்.

"அழகா பேசுனீங்க மாமா. ஒரு எடத்துலகூட தடுக்கல" என்றாள். "எங்க புளோக் லிஃப்டுல, கதவு மூடுதுன்னு ஒரு குரல் சொல்லுமே, அதே மாதிரி இருந்துச்சு லா."