உபாடிக்கே உடைத்த பாக்கு

என் அக்காள் கணவர் அய்யூப் பர்மாவில் எங்கள் யாங்கோனை விட்டு எங்கும் போனதில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் படகேறுவதையே பிரயாணம் என்பார். அப்படிப்பட்ட மனிதருக்கு, நைஜீரியாவில் ஓனிட்சா என்ற ஊரின் பேருந்து நிலையத்தில் முப்பது வருஷங்களுக்கு முன் யார் எந்த மூலையில் நின்று ஆள் கூவினார்கள் என்பது தெரியும். அங்கே எனுகு போகிற பேருந்துக்கு ஆள் கூவி ஏற்றியவர்தான் பின்னாளில் பெரிய நடிகரான ஒனியேக்கா உபாடிக்கே. அவருடைய கதை மச்சானுக்கு ஆதியோடந்தமாக அத்துப்படி. எனக்கும் அத்துப்படிதான், ஆனால் நான் ஆசைப்பட்டுக் கற்றதல்ல. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மச்சானின் கயிற்றுக்கடைக்குப் பக்கத்துக் கடை என்னுடையது. நான் வாளி விற்கிறேன், காது மட்டும் அவருக்கு வாடகை இல்லாமல் ஓடுகிறது.

கயிறு விற்பவருக்கு நடிகரோடு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் தொண்டையில் இருக்கிறது. ஆற்றின் நடுவில் போகிற படகுக்காரனைக் கரையில் நின்றே கூப்பிட்டு வியாபாரம் பேசுகிற தொண்டை மச்சானுடையது. அவர் மகள் நிலோஃபர், கொரோனா ஊரடங்கின்போது, நைஜீரியக் குடும்பப் படங்களை பர்மியக் குரலோடு முகநூலில் போட ஆரம்பித்தாள். படத்தின் ஆங்கில வசனத்தை அவள் பர்மியத்தில் எழுதுவாள், நாலைந்து பேர் பேசுவார்கள். மாமனார் வேஷத்துக்குப் பேசிக்கொண்டிருந்தவன் தாய்லாந்துக்குப் போய்விட்டான். வேறு ஆள் கிடைக்காமல் வாப்பாவை உட்கார வைத்தாள். அந்த மாமனார்தான் உபாடிக்கே. நூற்றுச் சொச்சம் படங்களில் அவர் மாமனார்.

ஒலிப்பதிவு தின்கன்ஜூன் பேட்டையில், அவர்கள் வீட்டுத் துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், போர்வை தொங்கவிட்டு. மின்சாரத்தை இங்கே மீ என்போம். மீ வந்தால் வேலை ஓடாது, நின்றுவிடும். வந்த நிமிஷமே சந்து முழுக்கத் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிடுவார்கள், அந்த இரைச்சலில் மாமனார் என்ன, மலையே பேசினாலும் கேட்காது. அதனால் மீ போன பிறகு, சந்து அடங்கியதும், பாட்டரியில்தான் பேசுவார்கள்.

வெறுமனே பேசிவிட்டு எழுந்திருக்கிற ஆள் இல்லை மச்சான். யாருடைய வாய்க்குத் தான் பேசுகிறோம் என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது. பழைய பேட்டிகளையெல்லாம் தேடி நிலோஃபரை மொழிபெயர்க்கச் சொல்லிப் பிராணனை வாங்கினார். உபாடிக்கே சினிமாவுக்கு வந்த கதை அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. பேருந்து நிலையத்தில் யாரோ படம் எடுக்க வந்து, கேமராவை இவருடைய பேருந்துக்குக் குறுக்கே வைத்துவிட்டார்கள். இவர் பேருந்தே காலியாக இருந்தாலும் "எனுகு, எனுகு, ஒரே ஒரு இடம்" என்று கூவுகிறவர். ஏறப்போன பயணிகள் கேமராவை வேடிக்கை பார்க்கப் போனதில் வந்த கோபத்தில் அவர் வைத வசவைப் படம் எடுத்தவர் அப்படியே படத்தில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கோபக்கார மாமனார். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மச்சான் எழுந்து, கையை வாயோரம் குவித்து, கூவியும் காட்டுவார். படகுக்காரர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியாக வந்த இரண்டு மூன்று படங்களில் உபாடிக்கே பேசுவதற்கு முன் தொண்டையை ஒருமுறை தடவிக்கொள்கிறார். பழைய படங்களில் இந்தப் பழக்கம் இல்லை. கோபத்தைச் சேர்த்து வைக்கிறார் போலும் என்று முடிவு கட்டி, மச்சானும் தடவிக்கொண்டே பேசினார். பிறகு இரண்டு வருஷமாகப் புதுப்படமே வரவில்லை. அது ஏன் என்று தெரியாமல் மண்டை காய்ந்தது அவருக்கு.

அந்தக் கடைசிப் படங்களில் ஒன்றில்தான் தப்பு நடந்தது.

பெண்ணைக் கேட்டு ஒரு பையன் வருகிறான். உபாடிக்கே தட்டிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துத் தூக்கிப் பிடித்து, ஏதோ ஓதி, உடைத்து, எல்லோருக்கும் கொடுத்துத் தானும் தின்கிறார். அந்த இடத்தில் அவர் பேசுவது அவர்கள் ஊர்ப் பாஷை, திரையின் கீழே ஆங்கில எழுத்தும் ஓடவில்லை. நிலோஃபர் வெறுமனே விட்டுவிடலாம் என்றாள். மச்சான் கேட்கவில்லை.

"தட்டு வச்சு, துவா ஓதி, பாக்கு எடுத்தாச்சு. இதுக்கு மேல என்ன தெரியணும்? உன் உம்மாவ எனக்குப் பேசுனப்பவும் இப்படித்தானே," என்றாராம்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் ஜனத்தில் பாக்கு மாற்றியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது, அதற்கு மேல் பின்வாங்குகிறவன் மனுஷன் இல்லை. ஆகவே உபாடிக்கேயின் வாயில் மச்சான், "என் மகளை உனக்குக் கொடுத்தேன், இந்தப் பாக்கு சாட்சி" என்று பர்மியத்தில் வைத்தார். படத்தின் பிற்பாதியில் உபாடிக்கே அந்தப் பையனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிறார். பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். நிலோஃபரின் முகநூல் பக்கத்தில் அதுவரை எந்தப் படத்துக்கும் அவ்வளவு கூட்டமில்லை. சொல் மாறி, பாக்குத் தின்று ஏமாற்றியவன் என்று யாங்கோன் முழுக்க அவரை வைதது. குரலை அடையாளம் கண்டுகொண்ட படகுக்காரர்கள் மச்சானையும் விடவில்லை.

நான் சிரித்தேன், மறைக்கவில்லை. மச்சானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஒரு கப்பல்காரர் படத்தின் கீழே எழுதுகிற வரைக்கும். மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குப் போய் வந்த பர்மியர் அவர். அந்தக் கொட்டையின் பெயர் கோலா, வீட்டுக்கு வருகிற யாருக்கும் முதலில் அதை உடைத்துக் கொடுத்துத்தான் பேச்சையே தொடங்குவார்கள், நம் ஊரில் தேத்தண்ணீர் கொடுப்பது போல, அதில் வாக்கும் இல்லை கல்யாணமும் இல்லை என்று எழுதியிருந்தார்.

மச்சான் அன்று கடையைப் பாதியில் மூடினார். "ஒரு மனுஷன் வாசலுக்கு வந்தவனுக்கு மரியாதை செஞ்சிருக்கார், மாப்ளே. நான் அவரைச் சொல் மாறி ஆக்கிட்டேன்," என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுபடி பேசிப் போடலாம் என்றாள் நிலோஃபர். ஆனால் வைத ஜனம் அதைத் தேடி வந்து பார்க்குமா? தான் கெடுத்த பெயரை, யார் முன்னால் கெடுத்தோமோ அதே ஆட்களின் முன்னால்தான் திருத்த வேண்டும், அதுவும் உபாடிக்கேயிடம் சொல்லிவிட்டுத்தான் என்று மச்சான் ஒற்றைக்காலில் நின்றார். நிலோஃபர் உபாடிக்கேயின் முகநூல் பக்கத்துக்கு எழுதினாள். மூன்றாம் கடிதத்துக்கு அவர் மகளிடமிருந்து பதில் வந்தது. அப்பாவின் பிறந்தநாளன்று பர்மா ரசிகர்களுக்காக நிலோஃபரின் பக்கத்தில் நேரலையில் கொஞ்ச நேரம் உட்காருவார் என்றிருந்தது.

அன்று சாயங்காலம் நானும் போனேன். மீ போய், சந்து அடங்கியிருந்தது. இங்கே முகநூலுக்குத் தடை, நிலோஃபர் வி.பி.என். என்கிற சுற்றுவழியோடு மல்லுக்கட்டி இணைப்பைப் பிடித்தாள். மச்சான் புதுக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக, முதல் தடவையாக முகம் காட்டி உட்கார்ந்தார். திரையில் உபாடிக்கே தெரிந்தார். படத்தில் பார்ப்பதைவிட மெலிந்திருந்தார். கழுத்தில் ஒரு துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் அவர் மகள்.

சலாம் சொல்லிவிட்டு மச்சான் ஆசையாக அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் முதல் கேள்வியைக் கேட்டார். ஏன் இரண்டு வருஷமாகப் படம் இல்லை? மகள்தான் பதில் சொன்னாள். தொண்டையில் கட்டி. அறுத்தெடுத்தார்கள். உயிர் நின்றது, குரல் போய்விட்டது.

மச்சானின் கை தன் தொண்டைக்குப் போனது. கோபம் என்று நினைத்துத் தானும் தடவிய அந்த வலியை நினைத்துக்கொண்டார் போலும். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, பாக்கு விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னார். நிலோஃபர் ஆங்கிலத்தில் சொல்ல, அந்த மகள் தன் அப்பாவுக்குச் சொன்னாள். நேரலையைப் பார்த்துக் கீழே கருத்து எழுதிக்கொண்டிருந்த ஜனமும் எழுதுவதை நிறுத்திவிட்டது.

உபாடிக்கேயின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிவதற்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்தக் காட்சியைப் போடச் சொல்லிக் கை காட்டினார். போட்டோம். தன் முகம் பர்மியத்தில் பேசுவதைத் திரைக்குள் தலை நுழைந்துவிடும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். முடிந்ததும் விரலைச் சுழற்றினார், இன்னொரு தடவை. மறுபடியும் சுழற்றினார்.

"அவருக்கு ஒண்ணும் புரியலையாம் வாப்பா," என்று நிலோஃபர் மெதுவாகச் சொன்னாள். "தன் வாய் பேசிக் கேட்டு நாளாச்சுன்னு போடச் சொல்றாராம்."

மச்சான் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வந்ததைச் சொல்ல வெட்கமில்லை.

உபாடிக்கே தட்டிலிருந்து ஒரு கோலாவை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். உதடு அசைந்தது, சத்தம் இல்லை. மகள் ஆங்கிலத்தில் சொன்னதை நிலோஃபர் காதோரம் சொல்ல, மச்சான் அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே மாமனார் குரலில் பேசினார். என் வீட்டுக்கு வந்தவர்களே, நன்றாக இருங்கள், வந்தவருக்கும் ஆயுசு, இருப்பவருக்கும் ஆயுசு என்றார். பிறகு ஜனத்தைப் பார்த்துத் தன் சொந்தக் குரலில், இது வரவேற்பு மட்டும், இந்த மனிதர் யாருக்கும் கொடுத்த வாக்கை மீறியதில்லை, தப்பு என் வாயுடையது என்றார். உபாடிக்கே கொட்டையை உடைத்து ஒரு துண்டை எங்கள் பக்கமாக வைத்தார். மச்சான் சட்டைப்பையிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துக் கடித்தார்.

அந்தச் சமயம் பார்த்து மீ வந்தது. சந்தில் அத்தனை மோட்டார்களும் ஒன்றாக இரைந்தன. நிலோஃபர் ஏதோ கத்தினாள், எனக்கே கேட்கவில்லை. அந்த இரைச்சல் அங்கேயும் கேட்டிருக்க வேண்டும், திரையில் உபாடிக்கே எழுந்து நின்றார். கையை வாயோரம் குவித்தார். உதடு வேகமாக அசைந்தது. அவர் மகள் புரியாமல் அண்ணாந்து பார்த்தாள். நிலோஃபர் என்னைப் பார்த்தாள்.

மச்சானுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவரும் எழுந்தார், கையைக் குவித்தார். ஆற்றின் நடுவில் போகிற படகைக் கூப்பிடுகிற அந்தத் தொண்டையால், மோட்டார் இரைச்சலுக்கு மேலே கூவினார்.

"எனுகு, எனுகு, ஒரே ஒரு இடம்."