நைனா எடுத்து வச்ச நாலு எலுமிச்சம்பழம்

நாளன்னைக்கு சென்னையிலேருந்து கப்பல். குடும்பமா மூணு நாள் கடல் டூர்.

எங்க நைனா மட்டும், "நான் வரல, கடல்ல எனக்கு இன்னா வேல?"ன்னு ஒரு வாரமா ஒரு சட்டை கூட எடுத்து வைக்கல.

செஞ்சியில முப்பது வருஷமா டிராக்டர் ஓட்டுறவரு.

இன்னைக்குக் காலையில பெட்டியத் தெறந்தா, அவரோட ரெண்டு வேட்டி இருக்குது. அதுமேல நாலு எலுமிச்சம்பழம்.

"இது எதுக்கு நைனா?"

"வண்டி கெளம்பும்போது டயருக்கு அடியில பழம் வைக்காம எப்டி?"

"கப்பலுக்கு ஏது டயரு?"

பழத்த எடுத்து வேட்டி மடிப்புக்குள்ள சொருகுனாரு.

"அத அங்க போயி பாத்துக்கலாம். நீ பெட்டிய மூடும்மா."

வரவே மாட்டேன்னு அடம்புடிச்ச மனுஷன், போயி பாத்துக்கலாம்னுட்டாரு!

கப்பல்ல போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க, நீங்க பழத்த எங்க வச்சீங்க?