மாமா அடிக்காத பந்து

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் ஒரே தம்பி, துபாயிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த பெட்டியில் எல்லார் வீட்டுக்கும் வருகிற சாமான்கள்தான் இருந்தன. சோப்பு, சென்ட், பேரீச்சம்பழம், அப்பாவுக்கு ஒரு டார்ச் லைட். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு பேஸ்பால் மட்டையும், இடது கைக்கு மட்டும் ஒரு தோல் கிளவுஸும், ஒரு பந்தும் இருந்தன. மாமா வேலை பார்த்த விளையாட்டுச் சாமான் கடையை இழுத்து மூடும்போது, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொன்னாராம். மற்றவர்கள் ஷூவும் சைக்கிளுமாக எடுத்துக்கொண்டிருக்க, மாமா இதை எடுத்திருக்கிறார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமா அதை எடுத்ததற்குக் காரணம் ஒரு சினிமா. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் திரும்பத் திரும்பப் போடுவார்களே, அப்படி ஒரு டப்பிங் படம். அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர், தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு அணி. வெள்ளைக்காரக் கோச் பையன்களை நல்ல சென்னைத் தமிழில் திட்டுவார். கடைசிக் காட்சியில் கதாநாயகன் மட்டையை இரண்டு தடவை வீசுவான், இரண்டும் காற்றோடு போகும். மூன்றாவதும் தப்பினால் அவுட். அந்த மூன்றாவது பந்தை அவன் அடிக்கிற அடியில் அது வேலியைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மாமா துபாய் போவதற்கு முன்பே அந்தப் படத்தை வசனத்தோடு ஒப்பிப்பார். திரும்பி வந்த பிறகு எனக்கும் மனப்பாடம் ஆயிற்று. அவருடைய அக்கா மகளான எனக்கு அப்போது ஒன்பது வயது.

எங்கள் வீடு குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில். வீட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல் உண்டு. சாரல் நன்றாக அடித்து அருவியில் தண்ணீர் கொட்டினால் அந்தப் பொட்டலில் டூரிஸ்ட் வேன்களாக நிற்கும். தண்ணீர் குறைந்தால் பொட்டல் எங்களுக்கு. தெருப் பிள்ளைகள் எல்லாரும், அருவிக்கரைக் கடையில் விற்கிற பேஸ்பால் தொப்பியைப் போட்டுக்கொண்டு அங்கே பேஸ்பால் ஆடினோம். படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்டம் என்பதால், அடித்த பந்தை நெற்றியில் கை வைத்துப் பார்ப்போம். ஓடும்போது காலைத் தூக்கித் தூக்கி மெதுவாகத்தான் ஓடுவோம், படத்தில் அப்படித்தான் ஓடினார்கள். மாமா ஓரமாக நின்று விதி சொல்வார். அவர் மட்டையைத் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை. பெரிய ஆட்டக்காரர் சின்னப் பிள்ளைகளோடு ஆடுவாரா என்று நானே மற்றவர்களுக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

ஆட்டம் இல்லாத நேரத்தில் மட்டை வாசல் கதவுக்குப் பின்னால் நிற்கும். அது அம்மாவின் ஏற்பாடு. குற்றாலத்தில் குடியிருப்பவர்களுக்குக் குரங்கை விரட்டக் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கம்பு வேண்டும்.

அந்த வருஷம் மாமாவுக்குக் கீழப்பாவூரில் பெண் பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தியது. மாமாவுக்குப் பெண்ணைப் பிடித்துப்போனது என்று சொன்னால் போதாது, அன்றிலிருந்து அவர் குளிக்கும்போது பாட ஆரம்பித்தார். பெண்ணுக்கும் சம்மதம் என்று தரகர் வந்து சொன்னார். மிச்சம் இருந்தது, பெண் வீட்டார் வந்து எங்கள் வீட்டைப் பார்ப்பதுதான். பிடித்திருந்தால் அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். யாரும் எதுவும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அம்மா விடியும் முன்பே எழுந்து சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்தாள்.

பெண்ணின் அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் எல்லாருமே அவரை ஏட்டையா என்றுதான் சொல்வோம். அவருடைய கார் வாசலில் வந்து நிற்கவும், கூடத்தில் வைத்திருந்த பழத்தட்டை ஒரு குரங்கு பார்க்கவும் சரியாக இருந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "ஏலே தம்பி, அந்தக் கட்டைய எடு" என்று கத்தினாள். மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மட்டையைத் தலைக்கு மேல் ஓங்கியபடி வாசலுக்குப் பாய்ந்தார். குரங்கு வாழைப்பழத்தோடு ஓட்டின் மேல் ஏறிக்கொண்டது. எதிரே ஏட்டையா நின்றார்.

தமிழ்ப் படம் பார்த்த யாருக்கும் அந்தக் கோலம் என்னவென்று தெரியும். நம் படங்களில் பேஸ்பால் மட்டையோடு வருகிறவன் விளையாட வருவதில்லை. கார் கண்ணாடியை உடைக்க வருவான், இல்லையென்றால் கடையை அடித்து நொறுக்க வருவான். ஏட்டையாவோ அப்படிப்பட்டவர்களை நேரிலேயே பார்த்தவர்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர் மட்டையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இது என்னது?"

"விளையாட்டுச் சாமான் ஐயா. பேஸ்பால்" என்றார் மாமா.

"இங்கன யாரு ஆடுதா அத?"

"பெரிய ஆளுங்க யாரும் ஆட மாட்டாங்க ஐயா."

"பொறவு எதுக்கு வாசல்ல நிக்கி?"

"குரங்குக்கு" என்றார் மாமா. அவருக்கு வேர்த்துவிட்டது.

ஏட்டையா சிரிக்கவில்லை. "சர்வீஸ்ல எத்தனையோ கார் டிக்கியில இருந்து இந்தக் கட்டைய எடுத்திருக்கேன் தம்பி. எல்லாவனும் விளையாட்டுச் சாமான்னுதான் சொல்லுவான். ஒருத்தன் டிக்கியிலயும் கூட ஒரு பந்து இருந்ததில்ல."

எங்களிடம் பந்து இருந்தது. நான் உள்ளே ஓடினேன். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் என்று தேடி, கடைசியில் துவைக்கப் போட்டிருந்த துணிக்குள் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது கார் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கூடத்தில் பாதி குடித்த தண்ணீர்ச் செம்பு மட்டும் இருந்தது. மறுநாள் தரகர் போன் செய்து, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறது என்றார்.

மாமா குளிக்கும்போது பாடுவதை நிறுத்திவிட்டார். மட்டையை அவரே எடுத்துப் பரணில் போட்டார். போனில் பெண்ணின் போட்டோவைத் திறப்பார், அணைப்பார், மறுபடியும் திறப்பார். ஏட்டையா வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று அப்பா சொன்னார். எனக்கு மட்டும், பந்தைக் காட்டியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று ஆத்திரம் தீரவே இல்லை. பந்தைப் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் பையில் வைத்துக் கொண்டுபோனேன்.

அப்பாவுக்கு அருவிக்கரையில் பழக்கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மங்குஸ்தானும் ரம்புட்டானும் அப்படியே இருக்க, அப்பா ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நானும் பையோடு கடையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் காய்ந்தது. அருவியில் பாறைதான் தெரிந்தது. இந்தப் பக்கத்து ஆட்கள் தண்ணீர் விழுகிறதா என்று நாலு பேரிடம் போனில் கேட்டுக்கொள்ளாமல் குற்றாலத்துக்குக் கிளம்பவே மாட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் ஏட்டையா தோளில் துண்டோடு கடை முன்னால் வந்து நின்றார். பக்கத்தில் அவருடைய மகள், மாமாவுக்குப் பார்த்த அதே பெண், குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணியே இல்லியே வே" என்றார் ஏட்டையா, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி.

"ஒரு வாரமா இல்ல அண்ணாச்சி. கேட்டுட்டு வந்திருக்கலாமே" என்றார் அப்பா.

"இவதான் கொட்டுது கொட்டுதுன்னு கூட்டிட்டு வந்தா."

நான் பையிலிருந்து பந்தை எடுத்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். "தாத்தா, பந்து இருக்கு. எங்க வீட்டுக்குப் பின்னால மேட்ச்சும் இருக்கு. வந்து பாருங்க."

மேட்ச் எதுவும் இல்லை. அப்பா என்னை முறைத்தார். ஏட்டையா கிளம்பத்தான் திரும்பினார். அப்போது அந்த அக்கா, "தண்ணியும் இல்ல, இதையாவது பார்த்துட்டுப் போவோம்பா" என்றாள்.

நான் முன்னால் ஓடினேன். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பரணிலிருந்து மட்டையை இறக்கி, படுத்திருந்த மாமாவை எழுப்பிப் பொட்டலில் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் அப்பாவோடு அவர்கள் வந்துவிட்டார்கள். மாமா கைலியோடு இருந்தார். குடையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"வேண்டாம் ஏட்டி" என்று என் காதில் சொன்னார்.

"ஒரு அடி போதும் மாமா" என்றேன்.

பந்தை நான்தான் போட்டேன். முதல் பந்துக்கு மாமா மட்டையை வீசியபோது பந்து அவரைக் கடந்து வெகுநேரம் ஆகியிருந்தது. இரண்டாவதை இன்னும் மெதுவாகப் போட்டேன். மட்டை ஒரு முழம் மேலே போனது. ஆனாலும் எனக்குப் பயம் இல்லை. படத்திலும் இரண்டு தப்பிய பிறகுதானே மூன்றாவது பறந்தது? தெருப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். எல்லாரும் நெற்றியில் கை வைத்து வானத்தைப் பார்க்கத் தயாராக நின்றார்கள். குழந்தைக்குப் போடுவது போல மூன்றாவது பந்தைப் போட்டேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி வீசினார். மட்டை ஒரு முழுச் சுற்று சுற்றியது, மாமாவும் கூடவே சுற்றிப் புழுதியில் உட்கார்ந்துவிட்டார். பந்து அவர் காலடியில் உருண்டு நின்றது.

குடைக்குள் அந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. எனக்கு உலகமே முடிந்துவிட்டது.

ஏட்டையா பொட்டலுக்குள் இறங்கி நடந்து வந்தார். கீழே கிடந்த மட்டையை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"துபாய்லயும் இப்படித்தான் ஆடுவியா?"

"ஆடுனதே இல்லை ஐயா. குடோன்ல அடுக்கி வைக்கிற வேலைதான். படத்துலதான் பார்த்திருக்கேன்."

ஏட்டையா அப்பா பக்கம் திரும்பினார். "இந்தக் கையா வே ஒருத்தன அடிக்கப் போவுது?" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வீட்டுல என்ன குழம்பு?" என்று கேட்டார்.

அதற்குள் அம்மாவும் கொல்லைப்புறம் வழியாக வந்துவிட்டிருந்தாள். "பருப்பும் ரசமும்தான் அண்ணாச்சி இருக்கு, ஒரு பத்து நிமிஷம் குடுங்க" என்றாள்.

எனக்கு, அந்தக் கையைப் பற்றி ஏட்டையா சொன்ன வாக்கியத்தைத் தாண்டி எதுவும் காதில் ஏறவில்லை. எங்கள் மாமாவை, அவர் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் முன்னால், கையாலாகாதவர் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவரைப் பார்த்து அப்பா சிரிக்கிறார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், மாமாவோ புழுதியில் உட்கார்ந்தபடியே குடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மானம் ரோஷம் உள்ள ஒரே ஆள் நான்தான் என்று பட்டது. ஓடிப்போய்ப் பந்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, "தாத்தா, போகாதீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு போடுதேன். மாமா கண்டிப்பா அடிச்சிருவாங்க" என்று அழுதேன்.

அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினாள். "ஏட்டி, நீ சும்மா கெட" என்று சொல்லிப் பந்தைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டாள். ஒரு பந்து கிடைக்காததால் கைவிட்டுப்போன சம்பந்தத்துக்காக அத்தனை நாள் அழுதவள், இப்போது பந்து இருந்தும் ஏன் அதை ஒளித்து வைக்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. எல்லாரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ரசத்தை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் மாமாவிடம் பேசாமல், இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போட்டிருக்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.