சான்பிரான்சிஸ்கோ அவ்வளவு தூரமில்லை

நான் பொய் சொன்னேன். என் அண்ணன் அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் போனதற்கு விமானம் காரணமல்ல, தூரமும் காரணமல்ல. நான்தான் காரணம்!

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏறக்குறைய பதினான்காயிரம் கிலோமீட்டர். நடுவில் விமானம் மாறினாலும் ஒரு நாளுக்குள் வந்துவிடலாம். அங்கிருந்து மைசூரில் எங்கள் வீட்டுக்குக் காரில் நான்கு மணி நேரம். இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஏன் தெரியுமா? ஆண்டுக்கணக்காக அண்ணன் எங்களுக்குச் சொன்ன ஒரே சாக்கு அதுதான். "ஃப்ளைட்லயே ஒரு நாள் போயிடுதுடா... லீவு பத்தாது."

அப்பா இடுப்பு முறிந்து படுத்தபோதும் இதே பாட்டு. ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வந்து அவரைக் குளிப்பாட்டியவன் நான், மலம் அள்ளியவன் நான். அவரோ பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அமெரிக்கா மகனைப் பற்றியே பேசினார்! நீங்களாக இருந்தால் பொறுத்திருப்பீர்களா?

ஒரு செவ்வாய்க்கிழமை இரவு அப்பா போனார். அண்ணனுக்கு உடனே சொன்னேன், அதில் குற்றமில்லை. கிடைத்த முதல் விமானத்தில் டிக்கெட் எடுத்தான். வியாழன் மாலைக்குள் வீடு வந்திருப்பான். ஐஸ் பெட்டியை இன்னும் ஒரு நாள் வைத்திருந்தால் போதும்...

புதன் காலையில் கௌதள்ளி கிராமத்திலிருந்து வந்த பெரியப்பா கேட்டார்: "அப்பனுக்குப் பெரியவன் கொள்ளி வெக்கறதுதான் கண்ணு முறை. அவன் எப்ப வந்து சேருவான்?"

"அமெரிக்காவுல இருந்து வரோணுமுங்களே பெரியப்பா... மூணு நாள் ஆகுமுங்க."

அவர் விமானம் ஏறியவரல்லர். "அத்தன நாளு வெச்சிருக்க முடியாதப்பா. நீயே வெச்சிரு" என்றார். அதைக் கேட்கத்தான் நான் காத்திருந்தேன்!

இதுவரை சொன்னது பாதிதான். அண்ணன் விமான நிலையத்திலிருந்து அழைத்தான். "முகத்த மட்டும் வீடியோல காட்டுடா. பாத்துட்டு ஏறிடறேன்."

"எடுத்தாச்சுண்ணா. நீ வர்ற வரைக்கும் வைக்கலாம்னேன், சொந்தக்காரங்க யாரும் கேக்கல. இனி வந்து என்ன பண்ணப் போற?" என்றேன்.

அப்பா என் எதிரிலேயே படுத்திருந்தார்! பெட்டியின் தலைமாட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அண்ணன் விமானம் ஏறாமல் அப்படியே திரும்பிப் போய்விட்டான். அன்று பிற்பகல் நான் கொள்ளி வைத்தேன்.

கோபம் தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது! அவன்மேல் இருந்தது அப்படியே இருக்கிறது... என்மேலும் சேர்ந்துகொண்டது. அவனோ இன்றுவரை தூரத்தைத்தான் சபிக்கிறான். இப்போது வேலையை விட்டுவிட்டு மைசூருக்கே வருகிறானாம். அம்மாவுக்காவது பக்கத்தில் இருக்க வேண்டுமாம். நான் தெய்வமாம், அவனுக்கும் சேர்த்து எல்லாம் செய்தவனாம். அட மடையா, ஒருமுறையாவது என்னைச் சந்தேகப்பட்டுத் தொலையேன்!

அவன் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்று நேற்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"சொல்லிப்போட்டு நீ நிம்மதியாத் தூங்குவ. அவன் தூங்குவானா? வாய மூடிட்டு இரு."

ஞாயிற்றுக்கிழமை விமான நிலையத்துக்கு நான்தான் கார் ஓட்டிப்போக வேண்டும். அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுவான். நான் அவன் முதுகைத் தட்டிக்கொடுக்க வேண்டும்...