கீரையைத் தின்ற தேநீர்

கைகள் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தன. பழுத்த இலை ஒரு பக்கம், முற்றிய தண்டு மறுபக்கம். பிறகு அலசி, வேகவைத்து, அரைத்து, ரொட்டி மாவில் பிசைந்தன. ஏன் பச்சையாக இருக்கிறது என்று கேட்டால், “புதினா” என்று சொல்லத் தயாராக இருந்தார் மாஸ்டர்.

விளையாட்டு விடுதிச் சமையற்காரர் அவர். முன்பு டீக்கடையில் இருந்தவர். சமையலை யாரும் சொல்லித் தரவில்லை. தீய்த்தும் குழைத்தும் தாமே கற்றார். தட்டு கழுவும் இடத்தில் நின்று, எது மிச்சமாகிறது என்று பார்ப்பார். முட்டை மிஞ்சாது. பயறு பாதி மிஞ்சும். கீரை போன வேகத்தில் திரும்பி வரும். சாப்பிட்ட கையோடு அவர் ஊற்றும் டீ மட்டும் சொட்டுகூட மிஞ்சாது. அதற்காகத்தான் விடுதியே அவரை மாஸ்டர் என்றது.

புதினா நாடகம் ஒருத்திக்காக. ஓட்டக்காரி, தோழிகள் வைத்த பெயர் ரயில். கொஞ்ச நாளாக ரயில் பாதி வழியில் மூச்சு வாங்கியது. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு. அது ஏறாவிட்டால் அணியில் இடமில்லை என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

“ரயிலுக்கே இரும்பு பத்தலையாம்டி!” என்று தோழிகள் சிரித்தார்கள்.

மாத்திரையும் புதினா ரொட்டியும் உள்ளே போயின. ஆனால் ரத்தம் ஏறவில்லை. விடுதி நர்ஸ் சமையலறைக்கே வந்துவிட்டார்.

“மாஸ்டர், அந்தப் பொண்ணு ஒழுங்கா சாப்பிடுறாளா?”

“தட்டை வழிச்சு வைக்கிறாம்மா.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, நம்ம டீதான். மாத்திரையக்கூட அதுலதான் முழுங்குவா.”

நர்ஸ் தலையில் கைவைத்தார். “ஒரு கையால குடுத்து மறு கையால புடுங்கியிருக்கீங்க! சாப்பாட்டோட டீ குடிச்சா கீரையில இருக்கிற இரும்பு உடம்புல சரியா சேராது. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடுங்க, நல்லா சேரும். டீ சாயங்காலம் போதும்.”

“சாயங்காலமா? அதுவரைக்கும் என்னை யாரும்மா மாஸ்டர்னு கூப்பிடுவா?”

மறுநாள் மதியம் டீ இல்லை என்றதும் சாப்பாட்டு அறையில் தட்டுகள் தாளம் போட்டன. மாஸ்டர் புதினா கதையையும் சேர்த்து ஒப்புக்கொண்டார்.

“அது கீரைன்னு முதல் நாளே தெரியும்ணே,” என்றாள் ரயில். “என்னமோ பெரிய ரகசியம் மாதிரி!”

“தெரிஞ்சுமா தின்ன?”

“தட்டு காலியானாதானே டீ ஊத்துவீங்க! இப்போ எதுக்காகத் தின்னணும்?”

மாஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் ஒளித்த கீரையை அவருடைய டீதான் இத்தனை நாளும் ஊட்டியிருக்கிறது.

“சாயங்காலம் ஓடி முடிச்சிட்டு நேரா இங்க வா,” என்றார். “உனக்குத்தான் முதல் டீ. ஆனா இந்தத் தட்டு இப்பவே காலியாகணும்.”

“ஸ்ட்ராங்கா?”

“ஸ்பூன் நிக்கும்.”

ரயில் யோசித்தாள். “சரி, போடுங்க.”

ரொட்டி வைத்தார். பக்கத்தில் பயறு, முட்டை. கீரையை இம்முறை ஒளிக்காமல், கரண்டி நிறைய நடுவில் வைத்தார். எலுமிச்சையைப் பிழிந்து, விழுந்த விதையை விரல் நுனியால் எடுத்துப்போட்டு, தட்டை நீட்டினார்.

ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாங்கினாள்.