ஸ்டெப்னியைக் கீழே மாட்டிய நாள்

உங்கள் அம்மா படுப்பதற்கு இடம் வேண்டும் என்றுதான் வண்டியின் மாற்று டயரை, அந்த ஸ்டெப்னியை, கீழே மாட்டினோம். நீங்கள் இருவரும் வண்டியில் பின்னால் உட்கார்ந்து விளையாடத்தான் என்று அப்போது சொல்லி வைத்தேன். நீங்களும் நம்பினீர்கள். பெரியவள் இரண்டாம் வகுப்பு. சின்னவனுக்குச் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. இப்போது இருவரும் வளர்ந்துவிட்டீர்கள், வண்டியும் கைமாறிப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். எட்டாவதுக்கு மேல் நான் படிக்கவில்லை. எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிக்கப் வண்டியை வாங்கும்போதே உயரமாகத்தான் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் சவுக்குத் தோப்பில் கட்டை ஏற்றியவர். மணலில் அடி தட்டக்கூடாது என்று அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து வண்டியைத் தூக்கி, நான்கு சக்கரத்துக்கும் பெரிய டயராகப் போட்டிருந்தார். தெருவில் நிறுத்தினால் ஆட்டு மந்தையில் ஒட்டகம் நிற்பது போலத் தெரியும்.

சக்கரம் பெரிதானால் ஸ்டெப்னியும் பெரிதாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் ஸ்டெப்னிக்கு என்று வண்டிக்கு அடியில் இருந்த தாங்கி, பழைய சின்ன டயருக்கு அளவெடுத்துச் செய்தது. பெரிய டயர் அதில் ஏறவில்லை. அந்த ஆள் அதைத் தூக்கி மேலே, கேபினுக்குப் பின்னால் படுக்கப் போட்டுச் சங்கிலியால் கட்டிவிட்டார். நானும் அப்படியே ஓட்டினேன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் ஏற்றுகிறவர்கள் டயருக்கு மேலேயே பெட்டியை அடுக்கிவிடுவார்கள். எனக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.

அம்மாவுக்கு முடியாமல் போனபோதுதான் தெரிந்தது. நோய் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது, இனி உட்கார்ந்து வரக்கூடாது, மட்டமாகப் படுக்க வைத்துத்தான் கூட்டி வர வேண்டும் என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அதற்கு முந்தைய தடவை ஆட்டோவில் அழைத்துப் போயிருந்தேன். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சத்தமே வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் முந்தானை ஓரம் நைந்து போயிருந்தது.

வாரா வாரம் போக வேண்டும். நம்மிடம் வண்டி இருக்கிறதே என்று கழுவிவிட்டு, பாய் விரித்து, பின்னால் படுக்க வைத்துப் பார்த்தேன். டயர் இடத்தை அடைத்துக்கொண்டது. நேராகப் படுத்தால் கால் மடங்கியது, குறுக்கே படுத்தாலும் மடங்கியது. கால் மடங்கினால் முதுகில் பிடித்துக்கொள்ளும். அவள் அந்த டயரைப் பார்த்துச் சொன்னாள்:

“இது மட்டும் நல்லா சொகுசா படுத்துக்கினு இருக்குது பாரு.”

முத்தியால்பேட்டையில் நம் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி வெல்டிங் பட்டறை வைத்திருந்தாரே, நீங்கள் வெல்டிங் மாமா என்று கூப்பிடுவீர்களே, அவர் என் கூட்டாளி. அவரிடம் போய்ச் சொன்னேன். ஸ்டெப்னியை வீட்டில் போட்டுவிட்டுப் போயேன், ஊருக்குள்ளேதானே போகிறாய் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் டயர்கள் தேய்ந்த டயர்கள். வழியில் ஒன்று போனால், அவளை நடு ரோட்டில் வெயிலில் படுக்கப் போட்டுவிட்டு நான் எங்கே ஓடுவது? ஸ்டெப்னியும் வேண்டும், அவள் காலை நீட்டவும் வேண்டும் என்றேன். அவர் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

“சரி வுடு. ஒட்டகத்துக்குக் கீழ எடமா இல்ல.”

மேலோட்டமாகப் பார்த்தால் இடம் இருந்தது. உயர்த்திய வண்டியாயிற்றே. ஆனால் டயரை அடியில் தள்ளி ஜாக்கியால் தூக்கியபோது, ஒரு பக்கம் சைலன்சர் குழாய் இடித்தது. அந்தப் பக்கம் விலக்கினால் பின் பம்பரின் குறுக்குச் சட்டம் இடித்தது. வெல்டிங் மாமா குழாயைக் காய்ச்சி வெளிப்பக்கமாக வளைத்தார். தாங்கியை அறுத்து முன்னால் தள்ளி வைத்துப் பற்றவைத்தார். அப்படியும் விரல் கனம் இடிக்கிறது. எட்டி உதைத்துப் பார்த்தோம், அசையவில்லை.

தட்டுகிற சத்தம் தாங்காமல் பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளியே வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவே அவரைச் சொல்தா, அதாவது சிப்பாய், என்றுதான் சொல்லும்; நேரில் கூப்பிட்டால் முசியே, நம் ஐயா மாதிரி. என்ன நடக்கிறது என்று கேட்டார். ஸ்டெப்னி மாட்டுகிறோம் என்றோம். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

பிள்ளைகளே, இதை உங்களுக்கு எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். கட்டியவள் வீட்டில் இருக்கும்போதே வெளியே ஒருத்தியை வைத்துக்கொண்டால், அவளையும் நம் பக்கத்தில் ஸ்டெப்னி என்று கேலியாகச் சொல்வார்கள். ஒருத்தி போனபிறகு வருகிறவளையும் சிலர் அப்படிச் சொல்லிவிடுவார்கள். அதனால் பெரியவருக்கு அந்தச் சொல் ஆகாது.

“பொம்பளைங்க நடமாடற தெரு. ரூ தெ செக்கூர்னு சொல்லக் கத்துக்கோங்க” என்றார்.

“அப்படின்னா என்னா முசியே?” என்றேன்.

“ஆபத்துல ஒதவிக்கு வர்ற சக்கரம்.”

“எங்க ஒதவிக்கு வருது? ஏறவே மாட்டேங்குது” என்றார் வெல்டிங் மாமா. பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே போய்விட்டார்.

டயரில் காற்றை இறக்கிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது அப்புறம்தான். காற்று பாதி போனதும் டயர் தொய்ந்தது. அமுக்கிப் பிடித்து நெம்பினால் சட்டத்தைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. காற்றில்லாத ஸ்டெப்னி உதவாது என்று உங்களுக்கே தெரியும். தேவைப்பட்டால் இறக்கி அடித்துக்கொள்ளலாம் என்று ஒரு கால் பம்ப்பைச் சீட்டுக்குப் பின்னால் போட்டு வைத்தேன்.

அம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து பட்டறைக்கே வந்துவிட்டாள். சொல்தா சொன்ன கதையை வெல்டிங் மாமா அவளிடமும் சொன்னார். ஏறிப் பார்க்கிறேன் என்றாள். அடியில் இடம் கொடுத்த அதே உயரம் இப்போது அவளுக்கு ஏற முடியாத உயரமாக நின்றது. நான்தான் தூக்கி வைத்தேன். காலையில் இருந்து அந்த டயரை எத்தனையோ தடவை தூக்கி இறக்கியிருந்தேன். கைக்கு அந்தக் கனம் பழகிப் போயிருந்தது. அவளைத் தூக்கியபோது கை சட்டென்று மேலே போய்விட்டது. டயர் கனம்கூட அவளிடம் இல்லை.

பாயில் படுத்தாள். தாங்கியில் கடைசி நட்டு முறுக்கப் பாக்கி இருந்தது. நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுத்தேன். மேலே அவள், கீழே நான். நடுவில் ஒரு தகரமும் அந்த டயரும். அவள் விரலை மடக்கித் தகரத்தில் தட்டி என்னைக் கூப்பிட்டாள்.

“மாமா.”

“ம்.”

“கால நீட்டிட்டேன்.”

“இடிக்குதா?”

“இல்ல. இன்னும்கூட எடம் இருக்குது.”

பிறகு சொன்னாள்:

“நான் எறங்கனப்புறம் ஸ்டெப்னிய மேல ஏத்திடாத மாமா.”

வெல்டிங் மாமா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“சொல்தா சொன்னாரே, செக்கூரு, அதுனா ஏத்திக்கோ. புள்ளைங்களுக்கு வேணும். ஸ்டெப்னினா வேணாம்.”

வெல்டிங் மாமா சிரிப்பை நிறுத்திவிட்டு, கேஸ் சிலிண்டரை மூடப் போகிறவர் போல அந்தப் பக்கம் போய்விட்டார். நட்டு முன்பே இறுகியிருந்தது, அதையே இன்னும் முறுக்கிக்கொண்டிருந்தேன். துரு உதிர்ந்து கண்ணில் விழுந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டே வெளியே வந்ததில் எனக்கும் சௌகரியமாகப் போயிற்று. அவள் திரும்பக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நாம் போன பயணமெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். உயர்த்திய வண்டி பாரம் இல்லாவிட்டால் கட்டுக்கு அடங்காமல் குதிக்கும். அதற்காக இரண்டு பக்கமும் மணல் மூட்டைகளை வரிசையாகப் போட்டு, நடுவில் இலவம் பஞ்சு மெத்தை விரித்தேன். மூட்டைமேல் நீங்கள் இருவரும் உட்கார்ந்து வருவீர்கள். எவ்வளவு பினாயில் ஊற்றினாலும் மீன் வாடை போகாது. நெல்லு விளைகிற வீட்டில் பிறந்தவளை மீன்காரி ஆக்கிட்டியே என்பாள். ஆனால் வாடைக்காக ஒரு நாளும் முகம் சுளித்தவள் இல்லை.

படுத்தபடிக்கு அவளுக்கு வானமும், கரண்ட்டுக் கம்பியும், மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவர்களும், மர உச்சியும்தான் தெரியும். நீங்கள் ஓயாமல் கேட்பீர்கள், அம்மா இது எந்த இடம், அம்மா இது எந்த இடம் என்று. அவள் கம்பியைப் பார்த்துச் சொல்லுவாள், மரத்தைப் பார்த்துச் சொல்லுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தப்பாகப் போனால் சின்னவன் கைதட்டுவான். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் வேகம் கூட்டியதில்லை.

ஒரு நாள், இனிமேல் அலைய வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அவளிடம் நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. மாத்திரைப் பை மட்டும் பெரிதாக இருந்ததைப் பார்த்திருப்பாள்.

அன்று கோரிமேட்டில் இருந்து திரும்பும்போது பின் சக்கரம் பஞ்சர். பயந்தது நடந்துவிட்டது. உங்களை இறக்கி வேலியோரம் நிழலில் நிறுத்தினேன். அவளையும் இறக்குகிறேன் என்றேன். வேண்டாம், தூக்கு, பிடித்துக்கொள்கிறேன் என்றாள். ஜாக்கியை ஏற்ற ஏற்ற வண்டி சாய்ந்தது. ஒரு மணல் மூட்டையை அவள் இடுப்புக்கு அண்டைக் கொடுத்தேன். அடியில் படுத்து ஸ்டெப்னியை இறக்கினேன். கால் பம்ப்பை மிதித்துக் காற்றடித்தேன். பெரிய டயர், கால் பம்ப்புக்கு அது எளிதில் நிரம்பாது. பெரியவள் முறை மாற்றி மிதிக்க வந்தாள், உன் கனத்துக்குப் பம்ப்பு இறங்காது போ என்று விரட்டினேன். அவள் கோபித்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது. வழியில் போன யாரோ ஒரு அம்மாள் ஏதும் கேட்காமல் தன் குடையை விரித்து, எட்டிப் பிடித்து, உங்கள் அம்மா முகத்துக்கு நிழல் காட்டிக்கொண்டு நின்றாள். வேலை முடியும்வரை நகரவே இல்லை.

ஸ்டெப்னி சக்கரமாகி ஏறிவிட்டது. பஞ்சரான டயரை எங்கே போடுவது? அவசரத்துக்குக் கால்மாட்டில் போட்டுக்கொண்டு போய்விடலாம். வீடு தூரமில்லை. அவளுக்குக் கொஞ்சம்தான் இடிக்கும். ஆனாலும் நான் மறுபடியும் அடியில் படுத்தேன். காற்றே இல்லாத டயர், சொன்னபடி உள்ளே போயிற்று. முறுக்கும்போது மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. முன்னைவிட மெதுவாக.

“எங்க வெச்ச?”

“கீழதான்” என்றேன். “கீழயேதான் இருக்கும்.”

“ம்” என்றாள்.

மழைக்காலம் தொடங்கும் முன்னே போய்விட்டாள்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒண்டியாக என்ன செய்வாய் என்று எல்லாரும் கேட்டார்கள். இரண்டு இடத்தில் பெண் பார்த்தும் வைத்தார்கள். பாகூர்ப் பக்கத்தில் தனியாக இருந்த என் அக்கா, உங்கள் அத்தை, அந்தப் பேச்சு நடக்கும்போதே துணிமூட்டையோடு வந்து இறங்கிவிட்டாள். வந்தவள் நேராகச் சமையல்கட்டுக்குப் போய் உங்களுக்குச் சோறு வைத்தாள். செக்கூர் என்று அவள் காதுபட நான் சொன்னதில்லை. சொன்னால் என்னடா திட்டுகிறாய் என்று சண்டைக்கு வந்திருப்பாள்.

துறைமுகத்திலும் சொன்னார்கள், ஸ்டெப்னியை மேலே ஏற்று என்று. மீன் பெட்டியில் இருந்து வடிகிற ஐஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர். தகரத்து ஓட்டை வழியாக டயரின்மேலேயே சொட்டும். ரிம் துருப்பிடித்துத் தகடு தகடாக உரிந்தது. இறக்கித் தேய்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடியும் அங்கேயே மாட்டினேன். இவனுக்குக் கிறுக்கு என்று சிரித்தார்கள். வெல்டிங் மாமா மட்டும் சிரிக்கமாட்டார். வருஷா வருஷம் தாங்கியில் விட்டுப்போன இடத்தைப் பற்றவைத்துக் கொடுப்பார்.

போன மாதம் வண்டியை விற்றேன் அல்லவா, வாங்க வந்தவர் மரக்காணம் பக்கத்து ஆள், நல்ல மனிதர். குனிந்து அடியில் பார்த்துவிட்டு, எந்த மகராசன் இதை இங்கே திணித்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். நெம்பி இறக்கி, அவரும் அவர் ஆளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேலே தூக்கிப் போட்டார்கள். கேபினுக்குப் பின்னால், பழைய இடத்தில். அந்தத் தகரத்தில் அது விழுந்த சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அவர் வண்டி, அவர் இஷ்டம். தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் அப்பா கண் கலங்குது என்று அன்றைக்குக் கேட்டீர்கள், வண்டிப் புகை என்றேன்.

மேலே ஏற்றியது அவர்தான். நான் ஏற்றவில்லை.