ஜுலைகா வீடும் ஒன்பதாயிரத்து நானூறு அடுப்புகளும்

சைகோன் விழுந்த மறுவருஷம் ஜுலைகாவின் வாப்பா இந்த நகரத்திலிருந்து காரைக்காலுக்கு விமானம் ஏறினார். துணி வியாபாரி. ஆறு மாதத்தில் பெண்சாதியையும் மகளையும் அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெண்சாதி வியட்நாம்காரி, கூடப் போகக் கையில் ஒரு காகிதமும் இல்லாதவள். ஆறு மாதம் முடிந்த அன்று தாயும் மகளும் அவர் விட்டுப்போன கஜக்கோலை ஒடித்து அடுப்பில் வைத்துச் சோறாக்கினார்கள். நல்ல தேக்கு, நின்று எரிந்தது என்று ஜுலைகா இன்றும் மெச்சுவாள். வாப்பாவைப் பற்றி அவள் மெச்சிச் சொல்கிற ஒரே விஷயம் அதுதான்.

அந்த அடுப்பில்தான் அவள் தொழில் ஆரம்பித்தது. நகரத்துக்கு வெளியே குச்சி என்ற ஊரிலிருந்து வரும் ஆட்டின் கால், விலா, கழுத்து. தேங்காய்ப்பாலும் வாப்பா வீட்டு மசாலாவும் சேர்த்த குழம்பு. தொட்டுக்கொள்ள ரொட்டி. காலை ஆறு மணிக்குச் சட்டியை ஏற்றினால் பிற்பகல் மூன்று மணிக்கு எலும்பு தானாகக் கழன்றுகொள்ளும். விறகில் ஆரம்பித்தவள் பிறகு தேனடைக் கரிக்கு மாறினாள். வட்டமாக, தேனடை போல ஓட்டை ஓட்டையாக இருக்கும் கரிக்கட்டி. ஒரு கட்டி நான்கு மணி நேரம் முணுமுணுவென்று எரியும். கேஸில் அதே குழம்பை வைத்தால் விலை இரட்டிப்பாகும். அவளிடம் சாப்பிடுகிறவர்கள் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும், பக்கத்து மாகாணமான பின் யுவோங்கின் தொழிற்சாலைகளிலிருந்து வேலை முடிந்து திரும்புகிறவர்களும். விலை கூடினால் அடுத்த சந்துக்குப் போய்விடுவார்கள். கரி போனால் சட்டி போகும், சட்டி போனால் அவள் சோற்றுக்கு வழியில்லை. புருஷன் செத்துவிட்டான், பிள்ளை குட்டி கிடையாது.

கரிப்புகை நல்லது என்று நான் சொல்லவில்லை. அவள் சந்திலேயே குடியிருக்கிற நான், படுக்கையில் கிடக்கிறவர்களைப் பராமரிக்கப் பயிற்சி எடுத்து முப்பத்தைந்து வருஷம் அதையே செய்தவள். கரிப்புகை நெஞ்சை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவளிடமும் சொன்னேன். “பட்டினி என்னா செய்யும்னு உங்க பயிற்சியில சொல்லலையா?” என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன்.

வினை வார்டு அலுவலகத்திலிருந்து வந்தது. எங்கள் வார்டைக் கரியில்லா வார்டு என்று அறிவித்து, சுவரில் மாட்டப் பித்தளைப் பலகை வாங்கிவிட வேண்டும் என்று லாம் என்ற அதிகாரிக்கு ஆசை. முப்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை. ஒவ்வொரு சந்தின் தலைவரும் ‘எங்கள் சந்தில் எந்த வீட்டிலும் கரி இல்லை’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் சந்துக்குத் தலைவர் ரேமோன். புதுச்சேரிக் குடும்பம், எழுபது வயது, தனிக்கட்டை. ஜுலைகாவின் குழம்பைத் தொட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

“ஏண்ணே, என் அடுப்பு உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரியுது. இந்தக் காகிதத்துல அதுக்கு எடமில்லம்மா.”

இதற்குள் வியட்நாமும் அக்கம்பக்கமுமாகப் பத்து நாடுகள் ஒன்றுகூடி வேறொரு காரியம் தொடங்கியிருந்தன. எந்த நாட்டின் எரிபொருள் கணக்கும் பக்கத்து நாட்டின் கணக்கோடு ஒத்துப்போகவில்லையாம். இவன் விற்றேன் என்கிற மின்சாரம், வாங்கினேன் என்று அவன் சொல்வதைவிட அதிகம். சமையலறையில் என்ன எரிகிறது என்பதோ ஒருவருக்கும் தெரியாது. ஆகவே ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்து, பத்து நாட்டிலும் ஒரே முறையில் வீடுவீடாக எரிபொருளை நிறுத்துப் பார்ப்பது என்று முடிவு. நல்ல முடிவுதான். எல்லா வீட்டையும் நிறுக்க முடியாது, சீட்டுப் போட்டு எடுப்பார்கள். எங்கள் சந்தில் ஒரே ஒரு வீட்டுக்குச் சீட்டு விழுந்தது. யார் வீடு என்று சொல்லத் தேவையில்லை.

புள்ளிவிவர அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து வியட்நாமியத்தில் விளக்கினாள். “அத்தை, இனிமேல் உங்கள் வீடு ஒரு வீடு அல்ல. இந்த நகரத்தில் ஒன்பதாயிரத்து நானூறு வீடுகளுக்கு உங்கள் வீடுதான் பிரதிநிதி.”

“அத்தனை வீட்டையும் யார் பெருக்குவது?” என்றாள் ஜுலைகா.

லாமுக்கு வியர்த்துவிட்டது. பலகை வழங்கும் விழா அடுத்த வாரம். நிறுவையும் அடுத்த வாரம். கரி அடுப்பு தராசில் ஏறினால் பலகை இறங்கிவிடும். அவனே மூன்று கேஸ் சிலிண்டரும் ஓட்டல்களில் வைக்கிற பெரிய வளைய அடுப்பும் இரவல் வாங்கி வந்து இறக்கினான். ஒரு வாரம் மட்டும் இதில் சமைத்தால் போதும், மறுத்தால் கரி அடுப்பை அன்றைக்கே அள்ளிக்கொண்டு போய்விடுவேன் என்றான். கரி அடுப்பு ரேமோன் வீட்டுக் குளியலறைக்குப் போயிற்று. ரேமோன் ஏழு நாள் குளிக்கவில்லை. அவருக்கு அது பெரிய மாற்றம் இல்லை.

இதில் லாம் ஒன்றை மறந்துவிட்டான். விழாவுக்கு வருகிற எண்பது பேருக்கு ஆட்டுக்கால் குழம்பு வேண்டும் என்று ஜுலைகாவிடம் சொல்லிவைத்தவனும் அவனேதான். கரி ஒழிந்த கொண்டாட்டத்துக்குக் கரியில் வேகிற குழம்பு. வேறு எவருடைய குழம்பும் மேலதிகாரிகளுக்குப் பிடிக்காதாம்.

வளைய அடுப்பு விமானம்போல் இரைந்தது. அந்தப் பெண் தினமும் காலையில் தராசைக் கொக்கியில் மாட்டி, சிலிண்டரைத் தூக்கி நிறுத்து, எழுதிக்கொண்டு போனாள். வாரக் கடைசியில் மூன்று சிலிண்டரும் காலி. மொத்தம் முப்பத்தாறு கிலோ.

“வீட்டில் எத்தனை பேர், அத்தை?”

“நான் ஒருத்திதான்.”

“இது வழக்கமான வாரமா?”

ஜுலைகா வாயைத் திறக்குமுன் வாசலில் நின்ற லாம், “வழக்கமான வாரம்தான்” என்றான். அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

விழா நன்றாக நடந்தது. சுத்தமான காற்று பற்றி லாம் இருபது நிமிஷம் பேசினான். எண்பது பேரும் எலும்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்கள். மறுநாள் சிலிண்டர்கள் திரும்பிப் போயின. கரி அடுப்பு குளியலறையிலிருந்து வெளியே வந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பத்து நாட்டுக் கூட்டத்தில் ஒரே குழப்பம். கேஸ் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து விற்றதைவிட நகரத்து வீடுகள் அதிகமாக எரித்திருக்கின்றன. முப்பத்தாறு கிலோவை ஒன்பதாயிரத்து நானூறால் பெருக்கினால் முந்நூற்று முப்பத்தெட்டு டன். அதுவும் ஒரே வாரத்தில். எங்கே ஓட்டை என்று தேடித்தேடி, ஒற்றை விதவையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

நேரில் பார்க்க அந்தப் பெண்ணோடு ஒருவர் வந்தார். ஐம்பது வயது, வழுக்கை, தோளில் கனத்த பை. பத்து நாட்டுக் குழுவில் கணக்குச் சரிபார்க்கிறவர், மலேசியாவிலிருந்து வருகிறார் என்றாள் அந்தப் பெண். ரேமோனும் நானும் உள்ளேதான் இருந்தோம். அந்த ஆள் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்க, ரேமோன் குரலைத் தாழ்த்தாமல் தமிழிலேயே சொன்னார். அதிகாரிகளுக்கு முன்னால் நாற்பது வருஷமாக நாங்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம். பூட்டிய அலமாரிக்குள் பேசுவது மாதிரி.

“ஜுலைகா, வாயத் தொறக்காத. அந்த வாரம் மூணு குடும்பம் இங்க தங்கியிருந்துச்சுன்னு சொல்லிடு.”

“மூனு குடும்பம் படுக்க இங்க இடம் இருக்குங்களா, ஐயா?” என்றார் வந்தவர், நிமிர்ந்தபடி. “என் பேரு சேஷாசலம்.”

ரேமோன் “மோன் தியு” என்று பிரெஞ்சில் ஆண்டவனைக் கூப்பிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். ஜுலைகா சிரித்த சிரிப்பில் சட்டி மூடி கீழே விழுந்தது.

“உக்காருங்க தம்பி. ரொட்டி திங்கிறீங்களா?”

“அப்புறம் சாப்பிடுறேங்க அக்கா. வர வழியில சந்துக் குழியெல்லாம் எரிஞ்ச கரிக்கட்டியாப் போட்டு ரொப்பியிருக்கே, யாரு வீட்டுக் கரிங்க அது?”

உண்மைதான். மழைக்காலத்தில் சந்தில் தண்ணீர் நிற்கும். ஜுலைகா எரிந்த கட்டிகளைக் கொட்டிக் கொட்டித்தான் நாங்கள் கால் நனையாமல் நடக்கிறோம். வார்டு போட்ட ரோடு அல்ல அது, அவள் போட்டது.

“என் வூட்டுதுதான்” என்றாள் ஜுலைகா. “அந்த கேஸ் எல்லாம் வார்டு அதிகாரி லாமோட விழாவுக்கு எரிஞ்சது. எண்பது பேரு தின்னாங்க.”

சேஷாசலம் நெற்றியைத் தடவிக்கொண்டார். “அப்போ வழக்கமான ஒரு வாரத்த மறுபடி நிறுக்கணும். கரின்னா கரின்னே எழுதுவோம். ஒங்க பேரு எந்த அட்டவணையிலயும் வராது, ரகசியம்.”

“பேரு வராது தம்பி. நீங்க நிறுக்கிற எடத்துல லாம் நிப்பானே. அவனுக்கு என் பேரு தெரியுமே.”

சேஷாசலம் வேறொன்று சொன்னார். கரி எரிக்கிற வீடுகளுக்குப் பாதி விலையில் கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுக்க ஒரு திட்டம் வரப்போகிறது. எந்தப் பகுதியில் எத்தனை வீடு என்று இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கரி என்று பதியாவிட்டால் எதுவும் வராது.

“வரும்ங்கிறீங்க?”

“வரும்னுதாங்க சொல்லியிருக்காங்க.”

“எங்க வாப்பாவும் ஆறு மாசம்னுதான் சொன்னாரு” என்றாள். ஆனாலும் சம்மதித்தாள். காரணம் பெருந்தன்மை அல்ல. பொய்யைக் காப்பாற்ற மறுபடி ஒரு வாரம் கேஸில் வேக வைக்க வேண்டும், அந்த மூன்று சிலிண்டரை வாங்கித் தர லாம் தயாராக இல்லை.

ஏழு நாளும் நிறுத்தார்கள். நாளைக்கு நான்கு கட்டி. ஏழாம் நாள் லாம் இரண்டு ஆட்களோடு வந்தான், அடுப்பைத் தூக்கிப்போக. ஜுலைகா அதன் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

“தூக்குங்கள். சூடாக இருக்கிறது. முதலில் வேகப்போவது எந்தக் கை?”

அந்த இரண்டு பேரும் அவளிடம் சாப்பிடுகிறவர்கள். தூக்கவில்லை. லாம் கோபத்தில் அந்தப் பெண்ணின் கையிலிருந்த விதிப்புத்தகத்தைப் பிடுங்கினான். இந்தக் கரி கணக்கில் ஏறக்கூடாது என்பதற்கு ஏதாவது விதி இல்லாமலா போகும் என்று நின்றபடியே புரட்டினான். இருந்தது. வீடு என்றால் தன் குடும்பத்துக்குச் சமைக்கிற இடம். விற்பதற்குச் சமைத்தால் அது வீடல்ல, கடை. கடையின் எரிபொருள் வேறு அட்டவணை, வேறு துறை. அந்த அட்டவணையை எந்த நாடும் இன்னும் தொடங்கவில்லை.

“இது வீடே இல்லை!” என்றான் லாம், மகன் பிறந்தவனைப் போல. அவன் பலகையில் ‘இந்த வார்டில் எந்த வீட்டிலும் கரி இல்லை’ என்றுதான் எழுதியிருந்தது.

சேஷாசலம் வாங்கிப் பார்த்து, அந்தப் பெண்ணை மொழிபெயர்க்க வைத்து லாமிடம் கேட்டார். “விதிப்படி சரிதான். ஆனால் கடை என்றால் உரிமம் இருக்குமே?”

உரிமம். இருபது வருஷத்தில் ஜுலைகா பதினொரு தடவை விண்ணப்பித்திருந்தாள். வடிகால் சரியில்லை, ஜன்னல் சிறியது, சந்து குறுகியது என்று பதினொரு காரணம் வந்தது. அன்றைக்கு லாம் அலுவலகத்துக்கு ஓடி, சாப்பாட்டு நேரத்துக்குள் உரிமத்தோடு திரும்பினான். தேதி முந்தின வருஷத்துத் தேதி. மை ஈரமாக இருந்தது, ஊதிக் கொடுத்தான்.

நீக்கிய வீட்டுக்குப் பதில் பட்டியலில் அடுத்த வீட்டை எடுக்க வேண்டும். அது ரேமோன் வீடு. அவர் சமைப்பதே இல்லை. காலையில் ஒரு காப்பிக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பார், மற்றதெல்லாம் ஜுலைகாவிடம். நிறுத்துப் பார்த்ததில் வாரத்துக்கு இருநூறு கிராம் கேஸ். ஆக, இந்த நகரத்தில் ஒன்பதாயிரத்து நானூறு வீடுகள் காப்பி குடித்தே உயிர் வாழ்கின்றன. கம்பெனிக் கணக்கோடு அது ஒத்துப்போனதாம். பத்து நாடும் கைதட்டியதாகக் கேள்வி.

சேஷாசலம் விடைபெற வந்தபோது ரொட்டி சாப்பிட்டார். குழம்பைப் புகழ்ந்தார். ஜுலைகா புகழுக்கு மசியவில்லை.

“எனக்கு உரிமம் வந்துடுச்சு, சந்தோஷம். என்னோட சேத்து எண்ணுன மத்த வூடு எல்லாம் என்னாச்சு தம்பி? அவங்களும் கரிதானே எரிக்கிறாங்க?”

“அடிக்குறிப்பு ஒன்னு போட்டிருக்கேங்க அக்கா.”

“அதுல சோறு வேவுமா?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே மென்றார். மோசமான மனிதர் இல்லை.

பாதி விலைத் திட்டம் மெய்யாகவே வந்தது. எங்கள் வார்டுக்கு வரவில்லை, அட்டவணையில் இங்கே கரி பூஜ்யம். பூஜ்யத்தை மெய்யாக்க லாம் மழைக்காலத்துக்கு முன் சந்து சந்தாகப் போய் எட்டு அடுப்புகளை அள்ளினான். எல்லாம் ஒரு வேளைச் சோறு பொங்குகிற சின்ன அடுப்புகள். விற்கச் சட்டி இல்லாதவர்கள், கடை என்று சொல்லிக்கொள்ள முடியாதவர்கள். அதில் ஒன்று எங்கள் சந்துக் கிழவி பஞ்சவர்ணத்தினுடையது. இடுப்பு ஒடிந்து கிடக்கிற அவளைத் தினமும் நான்தான் குளிப்பாட்டுகிறேன். வெந்நீருக்கு வழியில்லாமல் போயிற்று.

ஜுலைகாவிடம் போய்ச் சொன்னேன். “கொண்டாங்க, சொல்லிக்கிட்டு நிக்காம” என்றாள்.

இப்போது காலையில் அவள் சட்டிக்கு இரண்டு பக்கமும் மற்றவர்களின் பாத்திரங்கள் வரிசையில் நிற்கின்றன. அடுப்பு ஒன்று இரண்டாகிவிட்டது. உரிமம் உள்ள கடை, லாம் கை வைக்க முடியாது. எட்டு வீட்டுச் சோறும் பஞ்சவர்ணத்தின் வெந்நீரும் அங்கேதான். நாளைக்கு நான்கு கட்டி என்பது ஒன்பதாகிவிட்டது. அவளையும் இந்தச் சந்து முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் புகை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. தவலையைத் தூக்கிக்கொண்டு தினமும் எண்பது அடி நடக்கிறேன், கை கடுக்கிறது.

போன மாதம் அந்தப் பெண் இரண்டாம் சுற்று நிறுவைக்கு வந்தாள். இந்தத் தடவை பஞ்சவர்ணத்தின் வீட்டுக்குச் சீட்டு. தராசோடு உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தாள். அடுப்பு இல்லை.

“எதில் சமைக்கிறீர்கள், பாட்டி?”

“கடையில்” என்றாள் பஞ்சவர்ணம், படுத்தபடி.

அந்தப் பெண் ‘சமைப்பதில்லை’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னாள். பேனா பிடிக்கப் பஞ்சவர்ணத்துக்குக் கை வராது. நான்தான் அவள் பெருவிரலில் மை தடவி வைத்தேன், பிறகு ஜுலைகா அடுப்பிலிருந்து வந்த வெந்நீரில் துடைத்துவிட்டேன். வெந்நீர் சூடாகத்தான் இருந்தது.